கை நனைக்காத வீட்டுக்காரர்

ஆத்தப்பனுக்கு மூன்று வருஷமாக ஒரு கட்டுப்பாடு. தன் வீட்டு முன்போர்ஷனில் குடியிருப்பவர்களிடம் ஒரு வாய் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது.

இது அவராக ஏற்படுத்திக்கொண்டதல்ல. மச்சான் செங்கோட்டையன் போட்ட உத்தரவு. வீரபாண்டியில் பதினோரு லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த செங்கோட்டையன், வாடகை விஷயத்தில் திருப்பூருக்கே வக்கீல் மாதிரி. புதிதாக வீடு கட்டியவர்கள், எப்படிப்பட்ட ஆளுக்கு விடலாம், எப்படிப்பட்டவன் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், கிணற்றில் முதல் வாளி யாருக்கு என்றெல்லாம் அவரிடம் போய்த்தான் கேட்பார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வார். காசு வாங்க மாட்டார். எதிரே உட்கார்ந்து தலையாட்டினால் போதும்.

குண்டடம் பக்கம் கிணறு வற்றிப் பாதித் தோட்டத்தை விற்றுவிட்டு, திருப்பூரில் ஓர் எருமைக் கொட்டகையும், முன்னும் பின்னுமாக இரண்டு போர்ஷன் வைத்து ஓட்டு வீடும் கட்டியவர் ஆத்தப்பன். பெண்டாட்டியின் அண்ணனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்?

"மாப்பிள்ளை, மத்தது மறந்தாலும் இதொண்ண மறக்காதீங்க. குடியிருக்கறவன் ஊட்டுல கையை நனைக்கப்படாது. ஒரு வாய் தின்னுபோட்டீங்கன்னா அப்புறம் வாடகையை ஏத்துன்னும் சொல்ல முடியாது, காலி பண்ணுன்னும் சொல்ல முடியாது. நாக்கு எந்திரிக்காது."

கொங்குச் சீமையில் கை நனைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடச் சம்மதம் ஆகிறவரை அந்த வீட்டில் ஒரு முறுக்கைத் தொட மாட்டார்கள். தொட்டார்கள் என்றால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகு எழுந்துபோனவன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

"இன்னொண்ணு. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை அவன் வாசல்ல நின்னு, 'ஊடு எங்களுது'ன்னு காதுல போட்டு வெய்யுங்க. சொல்லலீன்னா மறந்துபோயித் தன்னோடதுன்னு நெனச்சுக்குவான்."

ஆத்தப்பன் இரண்டையும் தவறாமல் செய்தார். சனிக்கிழமை சாயங்காலம் முன்வாசலில் போய் நிற்பார். தொண்டையைச் செருமுவார். "ஊடு எங்களுதுங்க" என்பார். உள்ளேயிருந்து குமாரவேல், "ஆமாங்க, உங்களுதுதானுங்க" என்பான். இருவருக்கும் வேறு பேச்சு கிடைக்காது. ஆத்தப்பன் திரும்பி வந்துவிடுவார்.

குமாரவேல் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தறியை விட்டுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். அதிர்ந்து பேசாதவன். அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவெல்லாம் அவன் பெண்டாட்டி சுப்புலட்சுமியின் சமையலால்தான்.

காலையில் அவள் கடுகு தாளித்தால் பின்போர்ஷனில் ஆத்தப்பனுக்கு வேட்டி கட்டக் கை ஓடாது. வெள்ளிக்கிழமை ஒப்புட்டு என்கிற போளி, கிருத்திகை என்றால் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும். ஆத்தப்பன் வீட்டிலோ திங்கட்கிழமை கொள்ளு, செவ்வாய்க்கிழமை கொள்ளு ரசம், புதன்கிழமை மீதிக் கொள்ளு. பெண்டாட்டி பெரியாத்தாளுக்கு அடுப்படி என்றாலே ஆகாது. "ஒடம்புக்கு நல்லதுங்க" என்று வட்டலை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவாள். மூன்று வருஷமாக மூக்கு ஒரு வீட்டிலும் வாய் இன்னொரு வீட்டிலுமாக ஆத்தப்பன் காலம் தள்ளினார்.

இப்படியிருக்கையில்தான் சித்திரைக் கடைசியில் மகள் தெய்வாத்தாளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

தெய்வாத்தாளுக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது. முதலில் வந்த மாப்பிள்ளை பட்டாளத்துக்குப் போய்விட்டான். அடுத்ததற்கு ஜாதகம் சேரவில்லை. மூன்றாவது எல்லாம் கூடிவந்து, பாக்கு வெற்றிலை மாற்றுகிற நேரத்தில் உத்தரத்திலிருந்து கெவுளிப் பல்லி கத்தியதால் நின்றுபோயிற்று. இந்த நாலாவதும் தவறினால் பெண்ணைக் கேட்டு ஆள் வருமா என்று ஆத்தப்பனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை தங்கவேலு, பெருமாநல்லூர்க்காரன். திருப்பூர் கம்பெனியில் ஃபிட்டர். தகப்பன் இல்லை. அவனுடைய அம்மா சின்னாத்தாள் வைத்ததுதான் வீட்டில் சட்டம். அவள் தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள்.

"நகை வேண்டாம், தட்டுமுட்டு வேண்டாம். எம் பையன் தெனமும் போக வர பதினாறு மைல் சைக்கிள் மிதிக்கறான். ஊட்டுக்கு வந்தா பொண்டாட்டிகிட்டப் பேசறதுக்கு அவனுக்கு மூச்சிருக்காது. அவிங்க முன்னூட்ட இவிங்களுக்குக் குடுக்கோணும். ஆனி இருவத்தஞ்சுக்கு வர்றோம். ஊடு காலியா இருக்கறத எங் கண்ணுல பாத்தாத்தான் பாக்கு வெத்தலை. இல்லீன்னா ஆடி பொறந்துரும். நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

ஆத்தப்பன் அவசரத்தில், "ஊடு காலி பண்ணியாச்சுன்னே சொல்லிப்போடுங்க" என்று தரகரை அனுப்பிவிட்டார். ஐம்பது நாளுக்கு மேல் இருக்கிறதே, அதற்குள் காலி பண்ண வைக்க முடியாதா?

அடுத்த வெள்ளிக்கிழமையே முன்வாசலுக்குப் போனார்.

"வாங்கொ, வாங்கொ" என்று சுப்புலட்சுமி பாயை விரித்தாள். "ஒப்புட்டு சுட்டுட்டு இருக்கறேனுங்க. சூடா ஒண்ணு சாப்பிடுங்க."

வாழையிலைத் துண்டில் நெய் மினுங்க ஒப்புட்டு வந்தது. ஆத்தப்பன் பார்வையைச் சுவரில் தொங்கிய முருகன் படத்துக்குத் திருப்பினார்.

"வவுறு சரியில்லீங்க அம்மிணி."

"அடடா! இருங்க, சுக்குத் தண்ணி வெச்சுக் குடுக்கறேன்."

"அதுவும் ஒத்துக்காதுங்க."

"வெறும் வெந்நீருங்க?"

ஆத்தப்பன் எழுந்து வந்துவிட்டார். பின்கட்டில் பெரியாத்தாள் காத்திருந்தாள்.

"சொல்லிப்போட்டீங்களா?"

"சொன்னேன். வவுறு சரியில்லீன்னு சொன்னேன்."

பத்து நாள் கழித்துச் சாயங்காலமாகப் போனார். கம்பெனியிலிருந்து வந்த குமாரவேல் சட்டையில் ஒட்டியிருந்த பனியன் நூலைத் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வாழைக்காய்ப் பஜ்ஜி வேகும் சத்தம் கேட்டது.

"எனக்கு விரதமுங்க" என்றார் ஆத்தப்பன், யாரும் எதையும் கொடுப்பதற்கு முன்பே.

"என்ன விரதமுங்க?" சுப்புலட்சுமி கரண்டியோடு வெளியே வந்தாள். முருகன் கோயில் விரதங்களெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு அத்துப்படி. "சஷ்டி போன வாரமே போயிருச்சு. கிருத்திகைக்கு இன்னும் நாளிருக்குதுங்களே."

"இது எங்க கொலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டதுங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

ஆத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க ஊடு காலி பண்ற வரைக்குமுங்க."

பஜ்ஜிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குமாரவேல் மெதுவாகச் சொன்னான். "அட, இதை மொதல்லயே சொல்லப்படாதுங்களா? ஒரு பெரிய மனுசரப் பட்டினி போட்டுட்டு நாங்க இருப்பமுங்களா? நாளைக்கே ஊடு பாக்கறனுங்க."

பார்க்கவும் பார்த்தான். ஆனால் திருப்பூரில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் செங்கோட்டையனிடம் பாடம் கேட்டவர்களாக இருந்தார்கள்.

ஒருத்தர், "கட்டிங் மாஸ்டருங்களா? துணி வேஸ்ட்டு மூட்டை மூட்டையா வரும், எலி சேரும்னு செங்கோட்டையன் சொல்லியிருக்கறாருங்க" என்றார். இன்னொருத்தர், "நெசவுக்காரங்களா? காரை போட்ட தரையைக் குழி வெட்டித் தறி எறக்கிருவீங்க" என்றார். தறியைத் தொட்டுப் பதினைந்து வருஷமாயிற்று என்று குமாரவேல் சொன்னதை அவர் நம்பவில்லை. மூன்றாவது வீட்டு அம்மாள், "மூணு வருசமா இருந்த ஊட்ட எதுக்கு விடறீங்க? போகச் சொல்றாங்கன்னா உங்க பேர்ல என்னமோ இருக்குது. அப்படிப்பட்டவங்களுக்கு விடாதேன்னு வீரபாண்டிக்காரரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கறாரு" என்று கதவைச் சாத்தினாள்.

ஒவ்வொரு நாளும் குமாரவேல் பின்கட்டுக்கு வந்து, "இன்னிக்கும் கெடைக்கலீங்க" என்று தப்புச் செய்தவன் மாதிரி நின்றுவிட்டுப் போனான். கூடவே சுப்புலட்சுமியும், "இன்னும் விரதம் இருக்கறீங்களா? எளச்சுட்டீங்க" என்று கவலைப்பட்டாள். ஆத்தப்பன் உள்ளே போய்க் கொள்ளு தின்றார்.

ஆனி இருபத்தைந்தாம் தேதியும் வந்தது. முன்போர்ஷனில் ஒரு சொம்புகூட நகரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. 'அடுத்த வாரம் போய்விடுவார்கள்' என்று சமாளிக்க மச்சான் வாய்தான் தோது என்று ஆத்தப்பன் விடியற்காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீரபாண்டிக்குப் போனார். பெரியாத்தாள் பின்கட்டில் மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆனால் சின்னாத்தாளுக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிய லாரியில் இடம் கிடைத்துவிட்டது. எட்டு மணிக்கே வந்து இறங்கினாள். கூட மகன் தங்கவேலுவும், அவனுடைய அப்புச்சி கருப்புசாமியும். கருப்புசாமி சின்னாத்தாளைப் பெற்ற தகப்பன், எண்பதை நெருங்கியவர். மூவரும் வெறும் வயிற்றோடு கிளம்பியவர்கள்.

அன்றைக்குக் கிருத்திகை. முன்போர்ஷனில் சுப்புலட்சுமி பூஜையை முடித்துவிட்டுச் சந்தகை பிழிந்துகொண்டிருந்தாள். ஏலக்காய் போட்ட தேங்காய்ப்பால் வாசம் தெருவில் வந்து நின்றது.

"இதுதான் பொண்ணூடுங்களா?" என்றாள் சின்னாத்தாள், நிலைப்படிக்கு வெளியே உஷாராக நின்று.

"இல்லீங்க. அது பின்னாலீங்க. நாங்க குடியிருக்கறவங்க. வாங்கொ, உள்ளாற வந்து உக்காருங்க. பொண்ணு தலைக்குத் தண்ணி ஊத்தறா. வந்தவங்க வாசல்ல நிக்கப்படாதுங்க."

பெண் வீடில்லை என்றால் விக்கினமில்லை. மூவரும் உள்ளே வந்தார்கள். பெரியவருக்கு முன்னால் ஒரு வட்டல் வந்தது. பிறகு இன்னும் இரண்டு.

ஆத்தப்பனும் செங்கோட்டையனும் ஒரே சைக்கிளில் வந்து இறங்கியபோது கருப்புசாமிக்கு மூன்றாம் தடவை தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கவேலு தலை நிமிரவில்லை. சின்னாத்தாள் மட்டும் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, ஊடு காலி பண்ணியாச்சுன்னு சொல்லி உட்டீங்களாமே?"

ஆத்தப்பன் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அடுக்குப்பானை, உறி, அலமாரி, முருகன் படம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"பாத்துட்டம் போங்க. பேசுன மொதப் பேச்சே பொய்யின்னா, பொண்ணு குடுத்த பின்னாடி என்னென்ன வருமோ? கண்ணு தங்கவேலு, எந்திரி. நாம போலாம்."

பின்கட்டிலிருந்து ஓடிவந்த பெரியாத்தாள் ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் துவட்டாத தலையோடு தெய்வாத்தாள். நாலாவதும் போயிற்று.

அப்போதுதான் செங்கோட்டையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தார்.

"எப்பிடிப் போவீங்க அம்மிணி? கையை நனைச்சாச்சே!"

"நாங்க நனைச்சது குடியிருக்கறவங்க ஊட்டுல. பொண்ணூட்டுல இல்ல."

"குடியிருக்கறவனுக்கு ஏதுங்க ஊடு?" செங்கோட்டையன் குரல் கோர்ட்டில் ஏறியது மாதிரி ஏறியது. "நீங்க உக்காந்த தரை யாருது? என்ற மாப்பிள்ளையோடது. சாஞ்ச செவுரு யாருது? அவரோடது. கை கழுவுன தண்ணி எந்தக் கெணத்துத் தண்ணி?"

"அரிசி யாருதுங்க? தேங்கா யாருது? பிழிஞ்ச கை யாருது?" சின்னாத்தாளும் இடுப்பில் கை வைத்தாள். "செவுத்தையா நாங்க தின்னோம்?"

"அரிசி எங்கிருந்தாலும் வருமுங்க. ஆசாரம் எங்கிருந்து வரும்?"

தெருவில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். கம்பெனிக்குப் போகிற இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி, ஒருவன் சுவருக்கும் ஒருவன் அரிசிக்குமாகப் பேசினார்கள்.

"எதுக்குங்க சண்டை?" என்றாள் சின்னாத்தாள். "இந்தத் தம்பிதானே குடியிருக்கறாரு, அவரே சொல்லட்டும். ஏந் தம்பி, நாங்க சாப்பிட்ட ஊடு யாரோடது? உன்றதா, அவிங்களுதா?"

எல்லோரும் குமாரவேலைப் பார்த்தார்கள்.

ஆத்தப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். எங்களுடையது என்று அவன் சொன்னால் சம்பந்தம் முறிந்தது. முன்போர்ஷனைக் கேட்க ஆளில்லை. அவன் நிம்மதியாகக் குடியிருக்கலாம். அவர்களுடையது என்று சொன்னாலோ தன் பாயைத் தானே சுருட்டிக்கொண்ட மாதிரி. போக வேறு வீடும் கிடையாது. நாற்பது நாளாக அலைந்து செருப்புத் தேய்ந்தவனிடம் என்ன பதிலை எதிர்பார்க்க முடியும்?

குமாரவேல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஊடு அவிங்களுதுதானுங்க. நாங்க வாடகைக்கு இருக்கறவங்க. போகச் சொன்னா போயிரோணும். எங்களுதுன்னு நான் எப்பிடீங்க சொல்றது?"

சின்னாத்தாள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். கருப்புசாமி வட்டலைத் தூக்கிக் கடைசித் தேங்காய்ப்பாலைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நனைஞ்சது நனைஞ்சதுதான் ஆத்தா. அவிங்க கூரைக்குக் கீழ மூணு தடவ வாங்கித் தின்னுபோட்டு, பொண்ணு வேண்டாம்னு நான் எந்திரிச்சுப் போக மாட்டேன். போற காலத்துல எனக்கு அந்தப் பேரு வேண்டாம்."

"சரி" என்றாள் சின்னாத்தாள் நீண்ட மூச்சு விட்டு. "பொண்ணு எங்களுது. ஒத்துக்கறேன். அப்ப ஊடு? பாக்கு வெத்தலை மாத்தறதுக்கு முந்தி, எங் கண்ணு முன்னால சொல்லுங்க. இவிங்க என்னிக்குக் காலி பண்றாங்க?"

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்று செங்கோட்டையன் விலாவில் இடித்தார். "உங்க நாக்குத்தான் சுத்தமா இருக்குதே. சொல்லுங்க."

ஆத்தப்பன் குமாரவேலைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அலமாரியை எப்படித் தூக்குவது என்று யோசிப்பவன் மாதிரி அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். சுப்புலட்சுமி சந்தகை பிழியும் படியைக் கழுவாமல் ஓரமாக எடுத்து வைத்தாள்.

"கா..." என்று ஆரம்பித்தார் ஆத்தப்பன். மேலே வரவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடியும் 'கா' மட்டும்தான் வந்தது. சட்டென்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். கருப்புசாமிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கொரு வட்டல் வெய்யுங்க அம்மிணி."

"மாப்பிள்ளை!" என்று அலறினார் செங்கோட்டையன். "வேண்டாமுங்க! கெட்டீங்க!"

"விரதமுங்க?" என்றாள் சுப்புலட்சுமி பதறிப்போய்.

"முடிஞ்சுதுங்க."

அவள் கழுவின வட்டல் இருக்கிறதா என்று தேடினாள். ஆனால் பெரியாத்தாள் விறுவிறுவென்று உள்ளே வந்து, யாரையும் கேட்காமல், மேல் தட்டில் பானைக்குப் பின்னால் இருந்த வட்டலை எடுத்தாள். மூடியிருந்த சருவத்தைத் திறந்து சந்தகை வைத்தாள். நாட்டுச் சர்க்கரை டப்பா எந்த மாடத்தில் இருக்கிறதென்றுகூட அவள் தேடவில்லை. ஆத்தப்பன் அவளையே பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? நானும் பொண்ணும் மூணு வருசமா இங்கதான் திங்கறோம். இல்லீன்னா அந்தக் கொள்ளைத் தின்னு உசுரோட இருப்பமா?"

ஆத்தப்பன் சந்தகையை அள்ளிப் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருந்தது. ஒரு வட்டல் முடித்து, இன்னொன்றும் முடித்து, தண்ணீர் குடித்தார். பிறகு சின்னாத்தாளைப் பார்த்தார்.

"சம்பந்தி, முன்னூடு இவிங்களுதுதான். இனிமே இவிங்களாப் போனாத்தான் உண்டு, நான் போகச் சொல்ல மாட்டேன். பின்னூட்ட நான் எம் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் குடுத்தர்றேன். ரெண்டும் ஒரே அளவுதானுங்க. கெணறு பக்கம்."

சின்னாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பின்போர்ஷன் பக்கமாக நடந்தாள். எட்டிப் பார்த்தாள். அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஊடு பரவால்ல" என்றாள். "பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமுங்களா?"

"சந்தகை அவதானுங்க பாதி பிழிஞ்சா, தலைக்கு ஊத்தப் போறதுக்கு முந்தி" என்றாள் சுப்புலட்சுமி.

தங்கவேலு அப்போதுதான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தான். தெய்வாத்தாள் ஈரக் கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் மறைந்தாள். பையன் முகத்தைப் பார்த்த சின்னாத்தாளுக்கு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். எந்தக் கெவுளியும் வாயைத் திறக்கவில்லை.

"அதெல்லாஞ் சரி" என்றார் செங்கோட்டையன், பொறுக்க முடியாமல். "முன்னூட்டுல குடித்தனக்காரன், பின்னூட்டுல மருமகன். கட்டுன மனுசன் நீங்க எங்க இருப்பீங்க?"

ஆத்தப்பன் அதை யோசித்திருக்கவில்லை.

"எருமைக் கொட்டாய் இருக்குதல்லோ" என்றாள் பெரியாத்தாள். "எருமைய வித்துப்போட்டு, நாலு ஓடு மாத்திக் காரை பூசினா ரெண்டு பேருக்குத் தாராளம்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. குமாரவேலே கொட்டகைக்கு ஓடு மாற்றினான். சுப்புலட்சுமி வாசலில் கோலம் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். எருமையை இரண்டு தெரு தள்ளியிருந்த பால்காரர் வாங்கிக்கொண்டு போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஆத்தப்பன் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் எருமை தானாக வந்து கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பால்காரர் வந்து ஓட்டிப் போனார். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்துக்கொண்டு ஆத்தப்பனை முறைத்துப் பார்த்தது.

மச்சானுக்கு ஆள் அனுப்பினார். செங்கோட்டையன் வந்தார். எருமையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். புதிதாக ஒரு வெற்றிலை மடித்துப் போட்டு வெகுநேரம் மென்றார்.

"இது எத்தனை வருசமா இங்க இருக்குதுங்க மாப்பிள்ளை?"

"ஏழு வருசமுங்க. மொதல்ல கொட்டாய்தான் போட்டேன். அப்புறந்தான் ஊடு கட்டுனேன்."

"அப்ப உங்களுக்கு முந்தி வந்தது" என்றார் செங்கோட்டையன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கட்டலச் சித்த அக்கட்டால தள்ளிப் போட்டுக்கங்க."